கல்யாணத்துக்கு முன்னால் முகத்துக்கு லேசர்: என்ன நடக்கும், என்ன நடக்காது

திருமங்கலத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. தை மாதக் கடைசியில் கல்யாணம். தாடையிலும் மேலுதட்டிலும் முடி, இரண்டு கன்னத்திலும் கருமை, கழுத்தும் கருத்திருக்கிறது. மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கிளினிக்கில் ‘ஃபுல் ஃபேஸ் லேசர், ஆறு சிட்டிங், பேக்கேஜ்’ என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். செய்தால் எல்லாம் நிரந்தரமாகப் போய்விடுமா, பக்க விளைவு வருமா, கல்யாணத்துக்குள் முகம் வெளுக்குமா? ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதில் முடி, கன்னத்துக் கருமை, கழுத்துக் கருமை என்று மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. நாள் கணக்கு நான்காவது. நான்குக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதல் உறுத்தல். நான் மதுரையில் தோல் மருத்துவம் பார்ப்பவன், லேசரும் செய்கிறவன், அதனால் லேசரே கூடாது என்று சொல்லப்போவதில்லை. உங்கள் முகத்தை நேரில் பார்க்காமல் இது இன்ன நோய் என்று என்னால் முடிவு சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் லேசர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. லேசர் ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. ஒவ்வொரு நிறப்பொருளும் சில அலைநீளங்களை அதிகமாக உறிஞ்சும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். சரியான அலைநீளத்தை, சரியான அளவு சின்ன நேரத்துக்குப் பாய்ச்சினால், இலக்கு மட்டும் சூடாகி அழியும், சுற்றியிருக்கும் தோல் தப்பிக்கும் என்பது அதன் சாரம். இன்றைய தோல் லேசர் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறது. முடி எடுப்பதில் இலக்கு, முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறப் பொருள். அந்தச் சூடு வேருக்கு இறங்கி வேரைச் சிதைக்கிறது.

நமக்குச் சிக்கல் இங்கேதான். அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. ஒளிக்கு முடியும் தோலும் வேறு வேறு என்று தெரியாது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி இருந்தால் ஒளி நேராக முடிக்குப் போகும். நம் தோலில் பாதி வழியிலேயே மேல்தோல் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால்தான் சூட்டுக் கொப்புளம், அதன் பின்னால் கருந்தழும்பு. தோல் மருத்துவர்கள் நிறத்தை 1 முதல் 6 வரை வகை பிரிப்பார்கள். 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் அந்த அட்டவணையைப் போட்டபோது அது வெள்ளைத் தோலுக்கானதாகத்தான் இருந்தது. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகையாகப் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம் பக்கத்தில் பெரும்பாலோர் நாலாம், ஐந்தாம் வகை. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியைப் பிடிப்பது குறைகிறது, அதனால் நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர்தான் ஆபத்து குறைந்தது. 800, 810 என்று வரும் டயோட் லேசரையும் பழகிய கை நம் தோலில் பத்திரமாகச் செய்யலாம். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் கருத்த தோலுக்கு நான் தேர்ந்தெடுப்பதில்லை. ஐ.பி.எல். என்று ஒன்று சொல்வார்கள். அது லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. ஐந்தாம் வகைத் தோலில் அதைப் போட விடாதீர்கள். உங்கள் கிளினிக்கில் மெஷின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

இனி முடி. நீங்கள் தாடை முடியைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, கழுத்து கருத்திருப்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்தக் கழுத்தில்தான் நின்றுவிட்டேன். கழுத்தின் பின்பக்கமும் பக்கவாட்டும் கருத்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரித் தடித்திருந்தால், அது அழுக்கும் இல்லை, செயின் போட்டதால் வந்ததும் இல்லை. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதோடு தாடையில் தடித்த முடியும், மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவதும் சேர்ந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை, தைராய்டு, புரோலாக்டின், ஆண் ஹார்மோன் அளவுகள், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன், இவ்வளவுதான் பரிசோதனை. பி.சி.ஓ.எஸ். இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால், லேசர் ஒரு வேரை அழிக்க அழிக்க ஹார்மோன் இன்னொரு மெல்லிய முடியைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஆறு சிட்டிங் பதினாறாகும். கழுத்துக் கருமைக்கு லேசர் போடுவது காசைக் கரைப்பது. எடை குறைந்து இன்சுலின் சீரானால் அது மெல்ல வெளுக்கும். முடி சில மாதங்களில் வேகமாகப் பெருகி, குரலும் கட்டையாகிறது என்றால் லேசரை மறந்துவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

பேக்கேஜில் இருக்கும் ‘ஃபுல் ஃபேஸ்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கன்னத்தில் இருக்கும் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம். லேசருக்குக் கறுத்த, தடித்த முடி தேவை. பூனைமுடியில் பிடித்துக்கொள்ள நிறமே இல்லை. பயன் இல்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை, சிலருக்கு அந்த மெல்லிய முடி தடித்துக் கருத்து வளர ஆரம்பித்துவிடுகிறது. இது மருத்துவ நூல்களில் பதிவான பக்க விளைவு. முகத்திலும் கழுத்திலும்தான் அதிகம், கருத்த தோல்காரர்களுக்கும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். ஏன் இப்படி ஆகிறது என்பது இன்னும் முழுக்க நிரூபிக்கப்படவில்லை. வேரைச் சாகடிக்கப் போதாத சூடு அதைத் தூண்டிவிடுகிறது என்பது பெரும்பாலோர் கருத்து. காரணம் எதுவானாலும், ஒன்றுமில்லாத கன்னத்தில் தாடி மாதிரி முடி வந்து அழுதுகொண்டு வரும் பெண்களைப் பார்க்கிறேன். தாடையும் மேலுதடும் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ‘அதே ரேட்தான், சேர்த்துப் போட்டுவிடுகிறோம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிட்டிங் அன்று என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். முதல் நாளோ அன்றோ தாடையை ஷேவ் செய்துவிட்டுப் போக வேண்டும். பெண்கள் ஷேவ் செய்தால் முடி தடித்துவிடும் என்று அத்தையும் சித்தியும் சொல்வார்கள். அது உண்மையில்லை. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மாதம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங், பிடுங்குதல் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசருக்கு இலக்கே இருக்காது. உள்ளே போனதும் கண்ணுக்கு முழுக்க மூடிய கவசக் கண்ணாடி போடுவார்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், விழித்திரை ஒருமுறை சுட்டால் சுட்டதுதான். குளிர்ந்த ஜெல் தடவி, குளிரூட்டிய முனையைத் தோலில் அழுத்தி ஒவ்வொரு இடமாகச் சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி சுருக்கென்று ஒரு வலி. மேலுதட்டில், மூக்கின் அடியில் வலி அதிகம், தானாகக் கண்ணீர் வரும். முடி கருகும் வாசனை வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். முடிந்ததும் ஒவ்வொரு முடி வேரைச் சுற்றியும் சின்னதாகச் சிவந்த புடைப்பு எழும்பும். அது சரியாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம், சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ அடங்கிவிடும். ஐஸ் ஒத்தடம் போதும். ஆனால் சுட்ட இடம் சாம்பல் வெள்ளையாக மாறினாலோ, வலி சுருக்கென்று வந்து போகாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ அடுத்த சுடுதலுக்கு விடாமல் அப்போதே சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்வதற்குக் கூச்சம் வேண்டாம், அது அவர்களுக்குத் தேவையான தகவல்.

அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முடி வளர்வது மாதிரித் தெரியும். பலர் ‘வேலையே செய்யவில்லை’ என்று போன் செய்வது அப்போதுதான். பெரும்பாலும் அது செத்த முடி வெளியே தள்ளப்படுவது. தானாக உதிரட்டும், பிடுங்காதீர்கள். ஒரே சிட்டிங்கில் ஏன் முடிவதில்லை என்றால், எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடிக்கு மட்டும்தான் சூடு வேர்வரை இறங்கும். உறங்கும் முடி விழித்து வரும்வரை காத்திருந்து அடுத்ததைச் சுட வேண்டும், முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வார இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒரு சிட்டிங் என்று யாராவது சொன்னால் அது அவர்களுடைய வசதிக்கு. நிரந்தரமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மெஷின்களுக்கு அனுமதித்திருக்கும் வாசகமே ‘நிரந்தரமான குறைப்பு’ என்றுதான், ‘நிரந்தர நீக்கம்’ என்று இல்லை. பெரும்பகுதி முடி போகும், மிச்சம் மெல்லிசாக வரும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை திரும்பத் தேவைப்படலாம். ஹார்மோன் சிக்கல் இருந்தால் இன்னும் கூட. நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாது.

கன்னத்துக் கருமையைப் பற்றி. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, ஓரம் ஒழுங்கில்லாமல், பழுப்பாக இருந்தால் அது மங்கு (மெலாஸ்மா) என்ற கருந்திட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கேட்டதும் நான் முதலில் கேட்கும் கேள்வி, என்ன க்ரீம் போடுகிறீர்கள் என்பதுதான். மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பார்லரில் கொடுத்தது, பேர் ஒட்டாத டப்பா எதுவானாலும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்ட முதல் மாதம் முகம் பளபளக்கும். விட்டால் எரியும், சிவக்கும், பரு வரும், முடி வளரும், மங்கு முன்னைவிடக் கறுக்கும். உங்கள் முக முடியில் ஒரு பங்கு அந்த க்ரீமால் வந்ததாகக்கூட இருக்கலாம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நிலவரம். அப்படி மெலிந்துபோன தோலில் லேசர் போடுவது நெருப்போடு விளையாடுவது. அந்தத் தோல் தேறவே சில மாதங்கள் ஆகும்.

மங்குக்கு லேசர் முதல் மருத்துவம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மங்கு வெயிலாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும், சூட்டாலும், ஹார்மோனாலும் தூண்டப்படுவது. லேசர் கொடுப்பதும் ஒளியும் சூடும்தான். முதலில் வர வேண்டியது சன்ஸ்க்ரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முடிந்தால் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள வகை. மங்கைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பது அந்த இரும்பு ஆக்சைடுதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகம் கழுத்து முழுக்கப் பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஸ்கூட்டியில் வருகிறவர் என்றால் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாலும் இது வேண்டும். அதன்மேல் அசலாயிக் அமிலம் போன்ற பூச்சு, அல்லது டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் ஹைட்ரோகுயினோன் கலந்த க்ரீம். டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் பலருக்கு நல்ல பலன் தருகிறது, ஆனால் ரத்தம் உறைவதில் சிக்கல் இருந்தவர்களுக்குக் கூடாது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முகூர்த்தத் தேதிக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படி எண்ணம் இருந்தால் தோல் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், டிரானெக்சாமிக் அமிலத்தோடு ஹார்மோன் மாத்திரை சேரக் கூடாது. அதே மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு உடனே குழந்தை என்று நினைத்தால் அதையும். சில முகப்பூச்சுகளைக் கர்ப்பத்துக்கு முன் நிறுத்த வேண்டும்.

‘லேசர் டோனிங்’ என்று குறைந்த சக்தியில் வாராவாரம் மங்குக்குப் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். இது கருத்து வேறுபாடு உள்ள இடம். க்ரீமுக்கு அசையாத சிலருக்கு உதவுகிறது. ஆனால் நிறுத்திய சில மாதங்களில் பலருக்குத் திரும்பி வருகிறது, நிறைய முறை செய்தவர்களுக்குக் கன்னத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் திட்டு விழுவதும் உண்டு. அந்த வெள்ளை, மங்கைவிட மோசம், சரிசெய்வது கடினம். கல்யாணத்தை வைத்துக்கொண்டு நான் அதை ஆரம்பிக்க மாட்டேன். முகம் கழுவின மாதிரிப் பளிச்சென்று தெரிய கார்பன் பீல் (கரிப் பூச்சு தடவி அதன்மேல் லேசர்) செய்கிறார்கள். அது சில நாள் மினுமினுப்பு, தெரிந்து செய்தால் சரி. பருக்குழி இருந்தால் அதற்கு ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் நல்ல மருத்துவம்தான். ஆனால் முகம் சிவந்து பொருக்கு விட்டு உதிர ஒரு வாரம், நம் நிறத்தில் அதன் பின்னால் வரக்கூடிய கருமை தெளியச் சில மாதம். அது கல்யாணத்துக்கு அப்புறம் செய்துகொள்ள வேண்டிய வேலை.

முகம் வெளுக்குமா என்ற கேள்விக்கு: வெளுக்காது. நீங்கள் பிறந்த நிறத்தை எந்த லேசரும் மாற்றாது, மாற்றுகிறோம் என்பவர் பொய் சொல்கிறார். உங்கள் முழங்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள், அந்த நிறம்தான் உங்கள் நிறம். மங்கு தெளிந்தால் முகம் அந்த நிறத்துக்குத் திரும்பும். அதுவே நல்ல, ஆரோக்கியமான நிறம், மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசினாலும் அதற்காகத் தோலைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பக்க விளைவுகளில் உறுதியாகச் சொல்லக்கூடியவை: சிவப்பும் லேசான வீக்கமும் பெரும்பாலோருக்கு வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். சக்தி கூடிப்போனால் கொப்புளம் வரலாம். வந்தால் உடைக்காதீர்கள், பற்பசையோ மஞ்சளோ தடவாதீர்கள், குளிர்ந்த தண்ணீர் காட்டி அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நம் தோலில் அதிகம் நடப்பது சுட்ட இடம் சில வாரம் கழித்துக் கறுப்பது. பெரும்பாலும் மாதக்கணக்கில் தெளிந்துவிடும், வெயில் பட்டால் இழுக்கும். இதனால்தான் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் சோதனைச் சுடுதல் போட்டு இரண்டு வாரமாவது பார்த்துவிட்டு முகத்துக்கு வர வேண்டும். மேலுதட்டில் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருகிறவர் என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டிருந்தால் அதையும். அதை நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் லேசர் என்ற பழைய விதி முடி லேசருக்குத் தளர்ந்திருக்கிறது. முடிவை உங்கள் டாக்டர் எடுக்கட்டும்.

நாள் கணக்கு இப்படி வருகிறது. இப்போது ஆவணி. இந்த மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனையும் சோதனைச் சுடுதலும் முடியட்டும். புரட்டாசியில் முதல் சிட்டிங், ஐப்பசியில் இரண்டாவது, கார்த்திகையில் மூன்றாவது, மார்கழி முதல் வாரத்தில் நான்காவது, அதோடு நிறுத்தம். நாலு சிட்டிங்கில் தாடையில் நன்றாக வித்தியாசம் தெரியும், முழுசாக முடியாது. மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு தொடரலாம். மிச்ச முடியை முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஷேவ் செய்துகொண்டால் போட்டோவில் ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதம் புதிதாக எதுவும் வேண்டாம், லேசர், பீல், ப்ளீச், பார்லர்க்காரர் இலவசமாகத் தரும் ஃபேஷியல் உட்பட. நலங்கு மாவைத் தேய்த்துக் குளிப்பதும் ஒவ்வொரு சிட்டிங்குக்குப் பிறகு ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். மங்கு இந்த ஐந்து மாதத்தில் ஒழுங்காகக் க்ரீம் போட்டால் கணிசமாக மங்கும், மிச்சத்தை மேக்கப் மறைக்கும்.

கிளினிக்கைப் பற்றி. போர்டில் எம்.டி. டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் பட்டத்தோடு ஒரு பெயர் இருக்கும், உள்ளே சுடுவது வேறொருவராக இருக்கும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் செய்வதில் தவறில்லை, ஆனால் முதலில் தோலைப் பார்த்து சக்தி அளவை முடிவு செய்வது டாக்டராக இருக்க வேண்டும், கொப்புளம் வந்தால் பார்க்கவும் அவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்கிலும் வைத்த அளவை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். ஆறுக்கும் முன்பணம் கட்டாதீர்கள், சிட்டிங்குக்குச் சிட்டிங் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். முதலில் இது என்ன நோய் என்று தெரிந்துகொள்ள மட்டும் செலவில்லாத வழி வேண்டுமென்றால், மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி தோல் நோய்ப் பிரிவில் காலையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே யாரும் உங்களுக்குப் பேக்கேஜ் விற்க மாட்டார்கள்.

எங்கே போனாலும் முதல் தடவை மேக்கப் இல்லாமல் போங்கள். இதுவரை முகத்தில் போட்ட எல்லா ட்யூபும் டப்பாவும், சாப்பிடும் மாத்திரைகளும் ஒரு பையில் இருக்கட்டும். கடந்த ஆறு மாதத்தில் மாதவிடாய் வந்த தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். தாடையை மட்டும் அன்று ஷேவ் செய்யாமல் போங்கள், முடி எவ்வளவு தடிமன், எங்கே முடிகிறது என்பதை டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும்.